சிங்கப்பூர்ச் சட்டம் குளுவாங்கில் செல்லாது: உறுப்பு தானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் நம் குளுவாங் பக்கத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களில் உறுப்பு தானச் சட்டம் மாறிவிட்டது என்று செய்தி வந்தால், எந்த நாட்டுச் சட்டம் என்று முதலில் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேதான். "இனிமே கேக்காமலே கிட்னிய எடுத்துருவாங்களாம்" என்று பரவுவது பெரும்பாலும் சிங்கப்பூர்க் கதை, அதுவும் அரைகுறையாக. அங்கே 1987 சட்டப்படி, 21 வயதை எட்டிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மறுப்பு எழுதிக் கொடுக்காதவரை சம்மதித்ததாகவே கணக்கு. முதலில் விபத்தில் இறந்தவரின் சிறுநீரகம் மட்டும். 2004-இல் கல்லீரல், இதயம், கருவிழியும் சேர்ந்தன. 2008-இல் முஸ்லிம்களும் அதற்குள் வந்தார்கள். பெர்மிட்டில் வேலைக்குப் போகும் நம்மூர்க்காரருக்கு இது பொருந்தாது. ஆனால் அங்கே பிஆர் (நிரந்தரவாசத் தகுதி) எடுத்துவிட்ட மகனுக்குப் பொருந்தும். குளுவாங்கில் இருக்கும் பெற்றோர் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இன்னொரு குழப்பம் தொலைக்காட்சி வழியாக வருகிறது. தானம் செய்தவரின் இறுதிச் சடங்கில் அரசு மரியாதை என்பது 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. இங்கே மாவட்ட அதிகாரி மாலையோடு வருவார் என்று காத்திருக்க வேண்டாம்.

நம் மலேசியாவில் இதற்கான சட்டம் 1974-ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம். ஒருவர் தன் விருப்பத்தை எப்போது வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். கடைசி நோயில் படுத்திருக்கும்போது இரண்டு சாட்சிகள் முன்னால் வாயால் சொன்னாலும் போதும். எதுவும் சொல்லாமல் போயிருந்தால், அவர் மறுத்ததாகத் தெரியாமலும், துணைவரோ நெருங்கிய உறவோ ஆட்சேபிக்காமலும் இருந்தால்தான் எடுக்கலாம்.

பெரிய தவறு, மைசெஜாத்ரா (MySejahtera) எனும் அரசின் சுகாதாரச் செயலியில் தானத்துக்குப் பதிந்துவிட்டு வீட்டில் வாயே திறக்காமல் இருப்பது. பதிவு உங்கள் விருப்பத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மருத்துவர் பேசப்போவது உங்கள் குடும்பத்தோடு. அவர்கள் அழுதுகொண்டே "வேண்டாம்" என்றால், நடைமுறையில் மருத்துவமனை மல்லுக்கு நிற்காது. நம் வீடுகளில் அந்த நேரத்தில் முடிவு சொல்வது மனைவியாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. வேறு தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்து சேரும் பெரியப்பாவோ, தாய்மாமாவோ குரலை உயர்த்தினால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள். ஆகவே மனைவியிடம் மட்டும் சொன்னால் போதாது. தீபாவளிக்கு எல்லோரும் கூடும்போது அந்தப் பெரியவர் காதில் போட்டு வையுங்கள், சங்கடமாகத்தான் இருக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம்.

"நெஞ்சு துடிக்குதே, எப்படிச் செத்துட்டான்னு சொல்றீங்க?" மோட்டார் விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இப்படித்தான் கேட்பார், கேட்பது நியாயமும்கூட. மூளைச் சாவு கோமா அல்ல. கோமாவில் இருப்பவர் மீளக்கூடும், மூளை செத்தவர் மீளமாட்டார். சுவாசக் கருவி ஓடும்வரை இதயம் சிறிது காலம் துடிக்கும், அவ்வளவே. இதை உறுதி செய்வது இரண்டு மருத்துவர்கள். மாற்று அறுவைக் குழுவுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இருக்காது. தானத்துக்குப் பதிந்தவரைச் சரியாகக் காப்பாற்றமாட்டார்கள் என்ற பயத்துக்கு இதுதான் பதில். மரண விசாரணை தேவைப்படும் சாவாக இருந்தால் மாஜிஸ்திரேட்டின் சம்மதமும் வேண்டும். அதற்கு நேரம் பிடித்தால் மருத்துவமனையைச் சந்தேகிக்காதீர்கள்.

இதயம் நின்று போனால் ஒன்றும் தரமுடியாது என்பதும் தவறு. கருவிழி, எலும்பு, தோல், இதய வால்வு ஆகியவற்றைச் சில மணி நேரத்துக்குள் எடுக்கலாம். தாமதிக்காமல் சொல்வதுதான் முக்கியம். தையல் போட்டு உடலை ஒப்படைப்பார்கள். கருமக்கிரியைக்கு ஒரு தடையும் இல்லை.

நாட்டில் 50,000 பேருக்கு மேல் டயாலிசிஸில் இருக்கிறார்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) இல்லாத தோட்டத்து வீட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். சிறுநீரகம் தேடும் இந்த அவசரத்தில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். உயிரோடிருப்பவர் உறவல்லாத ஒருவருக்குச் சிறுநீரகம் தர, சுகாதார அமைச்சின் அங்கீகாரக் குழு அனுமதி வேண்டும். ஆளை ஏமாற்றியோ மிரட்டியோ உறுப்பெடுப்பதை 2007-இன் ஆள்கடத்தல் எதிர்ப்புச் சட்டம் சுரண்டல் என்கிறது. "வெளிநாட்டில் முடித்துத் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்" என்று எவராவது வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள், போலீசில் புகார் செய்யுங்கள்.