பழைய காதல் நாவலை இன்றைய கதையாக்க ஒரு வழி

பழைய காதல் நாவலை வைத்து இன்றைய கதை எழுதப் போகிறீர்கள் என்றால், முதலில் காதலர்களை விட்டுவிட்டு, அவர்களை நெருக்கும் பணச்சிக்கல் எது என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு, அதற்கு இன்றைய ஈடு ஒன்றைத் தேடுங்கள். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் பென்னட் வீட்டுச் சொத்து ஆண் வாரிசுக்குத்தான் போகும், அப்பாவுக்குப் பிறகு ஐந்து பெண்களுக்கும் இருக்க வீடில்லை. அந்த வாரிசான காலின்ஸே வந்து பெண் கேட்டும், ஐவரில் ஒருத்தியான நாயகி எலிசபெத் அவனை வேண்டாம் என்பது அதனால்தான் அவ்வளவு பெரிய துணிச்சல். இந்த நெருக்கடியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஊடல். ஏலத்துக்கு வரும் வீடு, வேலை போனால் கூடவே போய்விடும் விசா என்று ஏதாவது பிடிபட்டால் போதும், பாதிக் காட்சிகள் தானாக வந்துவிடும். ஆஸ்டினின் இன்னொரு நாவலான 'எம்மா' மாதிரிக் கதைக்கு இது உதவாது. அதன் நாயகி எம்மாவுக்குப் பணக் கவலையே கிடையாது, தடை அவள் மனசுக்குள் இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.