வெளிர்பச்சைப் பட்டை: நகராட்சி விமான நிலையத்துக்கு மாஸ்டர் பிளான் போடும்போது செய்யக்கூடாதவை

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு விமான நிலைய வரைபடத்தை என் மேசையில் விரித்தார்கள். ஓடுபாதைக்குத் தெற்கே நீளமாக ஒரு வெளிர்பச்சைப் பட்டை. அதன்மேல் ‘எதிர்கால விமானப் பயன்பாடு’ என்று அழகாக எழுதியிருந்தது. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே நிறத்தில், கிட்டத்தட்ட இதே எழுத்தில் நானும் ஒரு பட்டை போட்டேன். அதற்கு ஒரு ஊர் இன்னும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறது.

நம்மூரில் விமான நிலையம் என்றால் பெரும்பாலும் மத்திய அரசின் ஆணையம், இல்லாவிட்டால் பெரிய தனியார் கம்பெனி. அமெரிக்காவில் கதை வேறு. அட்லாண்டா, டென்வர், செயின்ட் லூயிஸ், கான்சாஸ் சிட்டி எல்லாவற்றிலும் விமான நிலையத்துக்குச் சொந்தக்காரர் அந்தந்த நகரம்தான். சாக்கடைக்கும் குப்பை வண்டிக்கும் ஓட்டுப் போடும் அதே கவுன்சில்தான் ஓடுபாதைக்கும் ஓட்டுப் போடும். கட்டுமானப் பணத்தில் ஒரு பங்கு எஃப்.ஏ.ஏ. என்கிற மத்திய விமானத் துறையிடமிருந்து மானியமாக வரும், சிறிய நிலையங்களில் தகுதியான வேலைகளுக்கு 90 சதவீதம், சில சமயம் அதற்கும் மேல். அதை வாங்க வேண்டுமென்றால் எது எங்கே வரும் என்று காட்டும் லேஅவுட் வரைபடம் வேண்டும், அது பொதுவாக 20 வருஷத்துக்கு முன்னோக்கிப் பார்க்கும் மாஸ்டர் பிளானிலிருந்து வரும். இரண்டையும் போட்டுக் கொடுப்பது எங்கள் பிழைப்பு.

பழைய சர்வேயை வைத்து வரைவது, காற்றுத் திசைத் தரவைப் பார்க்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். யாரும் பிடிக்காத தவறுகள்தான் விலை வைக்கும்.

கணிப்பை ஒரே கோடாக வரைவது

எல்லோரும் பயணிகள் எண்ணிக்கையைக் கீழிருந்து மேலே ஏறும் ஒரு கோடாகப் போடுவார்கள். எஃப்.ஏ.ஏ.வும் தன்னுடைய கணிப்போடு அதை ஒப்பிடும். ஐந்தாவது வருஷத்தில் 10 சதவீதத்துக்குள், பத்தாவது வருஷத்தில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகத் தலையாட்டிவிடும். தலையாட்டிவிட்டார்கள் என்பதால் அந்தக் கோடு உண்மையாகிவிடாது.

செயின்ட் லூயிஸ் லாம்பர்ட் விமான நிலையத்தைப் பாருங்கள். டி.டபிள்யூ.ஏ. என்ற விமான கம்பெனி, பயணிகள் விமானம் மாறும் பெரிய மையம் ஒன்றை அங்கே வைத்திருந்தது. 2000இல் மூன்று கோடிப் பயணிகளுக்கு மேல் வந்து போனார்கள். மழை மேகத்தில் இரண்டு முக்கிய ஓடுபாதைகளிலும் ஒரே நேரத்தில் இறங்க முடியவில்லை, விமானங்கள் வரிசையில் நின்றன, அதனால் புதிய ஓடுபாதை வேண்டும் என்றார்கள். அன்றைக்கு அந்த வாதத்தில் பிழை இல்லை, நானும் அதையேதான் எழுதியிருப்பேன். 2001இல் டி.டபிள்யூ.ஏ.வை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியது. 2003 கடைசியில் அங்கிருந்து கிளம்பும் தன் விமானங்களைப் பாதியாகக் குறைத்தது. பக்கத்து ஊரான பிரிட்ஜ்டனில் சுமார் 2,000 வீடுகளை இடித்து, நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய 9,000 அடி ஓடுபாதை 2006இல் திறந்தபோது வரிசையில் நிற்க விமானம் இல்லை.

இதிலிருந்து ‘கணிக்கவே கூடாது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேலையை வருஷத்தோடு கட்டாமல் அளவோடு கட்டுங்கள் என்கிறேன். ‘2034இல் புதிய கேட்’ என்று எழுதாமல் ‘இத்தனை பயணிகள் வந்தால் புதிய கேட்’ என்று எழுதுங்கள். அப்புறம், ஒரே கம்பெனி பாதிக்கு மேல் விமானம் ஓட்டும் ஊர் என்றால், அந்தக் கம்பெனி கிளம்பிப் போனால் என்ன ஆகும் என்று ஒரு பக்கமாவது இருக்கட்டும். கவுன்சில் உறுப்பினர்களுக்கு அந்தப் பக்கம் பிடிக்காது, அதை எடுக்கச் சொல்வார்கள், எடுக்காதீர்கள்.

காலி நிலம் என்று ஒன்று இருப்பதாக நினைப்பது

இதைத்தான் எழுத வந்தேன்.

ஊர் பெயர் வேண்டாம். ஒரே ஓடுபாதை, பக்கத்திலேயே அதற்கு இணையாக டாக்சிவே (விமானங்கள் ஓடுபாதைக்கு உருண்டு போய்வரும் பாதை), சின்ன ஜெட்டுகளும் டர்போபிராப்புகளும் வந்துபோகும் இடம். அந்த வகை விமானங்களுக்கு ஓடுபாதை நடுக்கோட்டுக்கும் டாக்சிவே நடுக்கோட்டுக்கும் நடுவில் 240 அடி போதும். நாளைக்கே போயிங் 737 போன்ற பெரிய விமானம் தொடர்ந்து வர ஆரம்பித்தால் அது 400 அடி ஆகவேண்டும். வித்தியாசம் 160 அடி. அதற்கு அப்பாலும் இறக்கை எதிலும் இடிக்காமல் இருக்க இடம் வேண்டும். இது எனக்குத் தெரியும். கணக்குப் போட்டு அறிக்கையில் ஒரு பத்தியும் எழுதினேன். ஆனால் வரைபடத்தில் எதிர்கால டாக்சிவேயைக் கோடாகப் போடவில்லை. ‘இப்போதைக்கு அந்த அளவு போக்குவரத்து வராது, கோடு போட்டால் ஏன் போட்டாய் என்று கேள்வி வரும்’ என்று என் மேலாளர் சொன்னார், எனக்கும் அது வசதியாக இருந்தது. மொத்தத்தையும் வெளிர்பச்சையாக்கி, ‘எதிர்கால விமானப் பயன்பாடு’ என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு நிறுவனம் வந்து, உங்கள் காலி நிலத்தில் ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) கட்டிக்கொள்கிறோம், வாடகை தருகிறோம், இத்தனை பேருக்கு வேலை என்றது. நகரத்துக்கு வருமானம், மேயருக்கு ரிப்பன் வெட்ட ஒரு நாள். 30 வருஷக் குத்தகை, அதற்கு மேல் பத்து பத்து வருஷமாக இரண்டு முறை நீட்டித்துக்கொள்ளும் உரிமை. ஏன் அத்தனை நீளம் என்றால், கடன் கொடுக்கும் வங்கி கடன் காலத்தைவிடக் குத்தகை நீளமாக இருக்கவேண்டும் என்று கேட்கும். ஹேங்கரின் உயரத்தையும் இடத்தையும் எஃப்.ஏ.ஏ.வுக்கு அனுப்பினார்கள், ஆட்சேபம் இல்லை என்று பதில் வந்தது. எப்படி ஆட்சேபம் வரும்? அவர்கள் லேஅவுட் வரைபடத்தை வைத்துத்தானே பார்ப்பார்கள். அதில் டாக்சிவே இல்லை, என் வெளிர்பச்சைதான் இருந்தது. ஹேங்கர் என்பதும் விமானப் பயன்பாடுதானே! என் எழுத்துப்படி அது மிகச் சரி.

அந்த ஹேங்கரின் மூலை சரியாக அந்த 160 அடிக்குள் வந்து உட்கார்ந்தது.

பிறகு ஒரு விமான கம்பெனி பெரிய விமானத்தோடு வர விரும்பியது. நகரத்துக்கு மூன்று வழிகள் இருந்தன. குத்தகையை விலை கொடுத்து முறித்து ஹேங்கரை இடிப்பது. ஓடுபாதையையே எதிர்ப்பக்கம் நகர்த்துவது, அதாவது இருக்கும் ஓடுபாதையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவது. இல்லையென்றால் பெரிய விமானம் வரும்போதெல்லாம் டாக்சிவேயில் வேறு விமானம் நகரக்கூடாது என்று ஏற்பாடு செய்துகொண்டு நாளைத் தள்ளுவது. மூன்றாவதை வைத்துக் கொஞ்ச காலம் தள்ளினார்கள், கடைசியில் முதலாவதற்கு வந்தார்கள். அதுவரை வாங்கிய மொத்த வாடகையைப் போல பல மடங்கு கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வயதான கவுன்சில் உறுப்பினர் பழைய வரைபடத்தைத் தூக்கிப் பிடித்து, “இங்கே எதுவும் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே” என்றார். அவர் சொன்னது சரிதான். அறிக்கையில் சொல்லியிருந்தேன், நானூறு சொச்சம் பக்கத்தில் ஒரு பத்தியாக. அதை யார் படிக்கிறார்கள்? கவுன்சில் பார்ப்பது வரைபடத்தை மட்டும்தான், அதுவும் நிறத்தை.

இத்தனை வருஷம் கழித்தும் எரிச்சல் அடங்காததற்குக் காரணம், அந்தக் கோட்டைப் போட எனக்கு அரை நாள்கூட ஆகியிருக்காது.

சரி, என்ன செய்யவேண்டும்? எதிர்கால டாக்சிவே, எதிர்கால ஓடுபாதை நீட்டிப்பு, அதன் முனையில் வரும் பாதுகாப்புப் பகுதி, எல்லாவற்றையும் முப்பது வருஷத்தில் வராது என்று தோன்றினாலும் புள்ளிக்கோடாகப் போடுங்கள். இதைத் தாண்டிக் கட்டடம் வரக்கூடாது என்கிற எல்லைக்கோட்டை இன்றைய விமானத்துக்குப் போடாமல் நாளைய விமானத்துக்குப் போடுங்கள். குத்தகை கொடுத்தே ஆகவேண்டும் என்றால், நகரம் கேட்டால் இத்தனை நாள் அவகாசத்தில், தேய்மானம் போக மீதி மதிப்பைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஷரத்து வையுங்கள். வங்கி முகம் சுளிக்கும், சுளிக்கட்டும்.

வேலிக்கு வெளியேயும் இதே கதைதான், இன்னும் மோசமாக. கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் டக்ளஸ் விமானத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் வீடுகள் நிலையத்தை ஒட்டி வந்து நின்றுவிட்டன. பிறகு சத்தம், புகை, பல பத்தாண்டு வழக்கு. கடைசியில் 2017 உடன்பாட்டின்படி ஓடுபாதையை 4,973 அடியிலிருந்து 3,500 அடியாக வெட்டினார்கள். 2028 முடிந்தபின் நகரம் நிலையத்தையே மூடிவிடலாம். அது நல்லதா கெட்டதா என்பது நீங்கள் எந்தப் பக்கத்து வீட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

டென்வர் இதை மறுபக்கமிருந்து கற்றுக்கொண்டது. பழைய ஸ்டேபிள்டன் நிலையத்தில் ஓடுபாதைகள் நெருக்கமாக இருந்ததால் வானிலை கெட்டால் இறங்கும் விமானங்களின் எண்ணிக்கை விழுந்துவிடும். தள்ளி ஒன்று கட்டலாம் என்றால் சுற்றிலும் ஊர். அதனால் புதிய நிலையத்துக்கு வெகுதூரம் போய் 53 சதுர மைல் எடுத்தார்கள். 1995இல் திறந்தபோது பெட்டி தூக்கும் தானியங்கி எந்திரம் பெட்டிகளைக் கிழித்ததைச் சொல்லி ஊரே சிரித்தது, இன்றைக்கும் பாடம் நடத்துகிறவர்கள் அதையேதான் சொல்கிறார்கள். அந்த எந்திரத்தைப் பத்து வருஷத்தில் கழற்றிப் போட்டார்கள். நிலம் அப்படியே இருக்கிறது. 2003இல் ஆறாவது ஓடுபாதையை, 16,000 அடி நீளத்தில், ஒரு வீட்டைக்கூட இடிக்காமல் போட்டார்கள். பன்னிரண்டு வரை போட இடம் இருக்கிறது.

பெரிய விமானத்தின் மேல் ஆசை

ஏறுவதையும் இறங்குவதையும் தனித்தனியாக எண்ணி வருஷத்துக்கு 500 கூட வராத விமானத்துக்கு ஓடுபாதை கட்ட எஃப்.ஏ.ஏ. பொதுவாகப் பணம் தராது. இடம் ஒதுக்குங்கள், கான்கிரீட் ஊற்றாதீர்கள்.

டெர்மினலை ஒரே பழக்கத்துக்குத் தைப்பது

கான்சாஸ் சிட்டி 1972இல் மூன்று வளைய டெர்மினல்களைத் திறந்தது. காரை நிறுத்திச் சில அடி நடந்தால் விமானம். எல்லோரும் மெச்சினார்கள். மறு வருஷமே விமானக் கடத்தல்கள் காரணமாக நாடு முழுக்கப் பயணிகள் எல்லோரையும் சோதிக்கும் விதி வந்தது. வளையத்தின் ஒல்லியான உடம்பில் சில கேட்டுகளுக்கு ஒரு சோதனைச் சாவடி என்று துண்டு துண்டாகப் போடவேண்டியதாயிற்று. சோதனையைத் தாண்டியபின் உட்காரவே இடம் நெருக்கடி. 2017இல் வாக்கெடுப்பு நடத்தி, 150 கோடி டாலரில் ஒற்றை டெர்மினல் கட்டி 2023 பிப்ரவரியில் திறந்தார்கள். 1972இல் வரைந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன், யாருக்குத் தெரியும். ஆனால் சுவரை நகர்த்த இடம் விட்டு வரைவதற்கு ஜோசியம் தெரியவேண்டியதில்லை.

விமான நிலையக் காசில் ஊர்ச் செலவு

கூடாது. நிலையத்தின் வருமானம் நிலையத்துக்குத்தான் என்பது எஃப்.ஏ.ஏ. மானியத்தின் நிபந்தனை. சிகாகோ 2003இல் மெய்க்ஸ் ஃபீல்டு என்ற தன் சிறிய விமான நிலையத்தின் ஓடுபாதையை இரவோடிரவாகப் புல்டோசர் விட்டுக் கிழித்தது. அதற்குப் போட்ட அபராதம் வெறும் 33,000 டாலர். அந்த வேலைக்கு விமான நிலையப் பணத்தை எடுத்ததற்காகத் திருப்பிக் கட்டியது 10 லட்சம் டாலர்.

விமான கம்பெனிகளைக் கடைசியில் கேட்பது

வாடகை கட்டப்போவது அவர்கள். முதலிலேயே கேளுங்கள்.

இனி அந்த இரண்டு பேர். ஒருவன் திருநெல்வேலிக்காரன், தனியாக இருக்கும்போது அண்ணா என்பான். பச்சைப் பட்டையை அழித்துவிட்டு டாக்சிவேயைப் புள்ளிக்கோடாகப் போடச் சொன்னேன். போட்டான். “அண்ணா, முப்பது வருஷத்துக்கு எதுவும் வரலேன்னா அந்த இடம் சும்மா கெடக்குமே, கவுன்சில்ல கேப்பாங்களே” என்றான். பக்கத்துப் பண்ணைக்காரருக்கு தீவனப் புல் வளர்க்க வருஷா வருஷம் புதுப்பிக்கும் குத்தகையில் விடச் சொன்னேன். வாடகை சொற்பம்தான், ஆனால் புல் வெட்டும் செலவு மிச்சம். தானியம் மட்டும் போட விடக்கூடாது, பறவை வரும்.