யூபிவிசி ஜன்னல் ஒழுகுகிறதா? சிலிகானைத் தொடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சென்னை அபார்ட்மென்ட்களில் பரவலாகக் கேட்கும் புகார் ஒன்று உண்டு. ஜன்னல் ஒழுகுகிறது. நல்ல விலை கொடுத்துப் போட்ட யூபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஸ்லைடிங் ஜன்னல்தான், ஆனால் அது நகர்ந்து ஓடும் பள்ளமான டிராக்கில் தண்ணீர் தேங்கி உள்பக்கமாக வழிந்து, கீழே சுவரில் பெயின்ட் உப்பிப் போயிருக்கும். உடனே ஒருவரைக் கூப்பிட்டு, ஓட்டை தெரிகிற இடத்திலெல்லாம் இடுக்கை அடைக்கும் சிலிகான் பசையை அடிக்கச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்த மழைக்கு முன்பைவிட அதிகமாக ஒழுகும்.

காரணம், அடைத்த ஓட்டைகளில் சில தண்ணீர் வெளியே போவதற்காகவே போட்டவை.

ஸ்லைடிங் ஜன்னலில் ஷட்டர், அதாவது கண்ணாடிக் கதவு, நகர வேண்டும், அதனால் ஓரங்களில் இறுக்கமான ரப்பருக்குப் பதிலாக ரோமம் போன்ற பிரஷ் பட்டைதான் பெரும்பாலும் இருக்கும். காற்றோடு சாரல் அடித்தால் கொஞ்சம் தண்ணீர் டிராக்குக்குள் வரத்தான் செய்யும், அது குறை இல்லை. அப்படி வந்த தண்ணீர் டிராக்கின் அடியில் நீளவாக்கில் இருக்கும் சின்னத் துளைகளில் இறங்கி, ஃபிரேமுக்குள் இருக்கும் வெற்றிடம் வழியாக ஓடி, வெளிப்பக்கத் துளை வழியே கொட்டிவிடும். உள்துளையும் வெளித்துளையும் நேருக்கு நேர் இருக்காது, காற்று தண்ணீரைத் திருப்பி உள்ளே தள்ளக் கூடாதென்று வேண்டுமென்றே தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். வெளியே ஃபிரேமின் அடியில் சின்ன பிளாஸ்டிக் மூடி தெரிந்தால் அது அலங்காரம் இல்லை, அந்த வெளித்துளையின் மூடிதான்.

இந்த வழி சிலிகானால் மட்டும் அடைபடுவதில்லை. வீடு கட்டும்போது டைல்ஸ் வேலையில் விழுந்த ஒயிட் சிமென்ட், தெருப் புழுதி, தலைமுடி, செத்த கொசு, பால்கனித் தொட்டியிலிருந்து வந்த மண் எல்லாம் சேர்ந்து ஒரு சேறாகி துளையை மூடிக்கொள்ளும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்: காய்ந்திருக்கும்போதே டிராக்கை பெயின்ட் பிரஷ்ஷாலோ வேக்குவம் கிளீனராலோ சுத்தம் செய்து, மூலையில் ஒட்டியிருப்பதைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, துளைக்குள் ஒரு ஈர்க்குச்சியை விட்டுக் கிளறிவிட்டு, அப்புறம் ஒரு மக் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். வெளியே ஒழுகினால் சரி. அப்படியே நின்றால் அடைப்பு இன்னும் இருக்கிறது. கம்பியை விட்டுக் குத்த வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மாதிரியான காற்றில் துளை சுத்தமாக இருந்தாலும் டிராக்கில் தண்ணீர் நிற்கலாம், குமிழி கூட விடலாம். காற்று தணிந்ததும் இறங்கிவிட்டால் ஜன்னலில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சிலிகானுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. ஃபிரேமும் சுவரும் சேருகிற வெளிப்பக்க இடுக்கு. அங்கே விரிசல் விட்டிருந்தால் பழைய சிலிகானைச் சுரண்டி எடுத்துவிட்டு, காய்ந்த இடத்தில் புதிதாக அடிக்க வேண்டும். பழையதன் மேலேயே புதுசை அடித்தால் சரியாகப் பிடிக்காது.

அடுத்த தவறு எண்ணெய். ஷட்டர் இறுகினால் தேங்காய் எண்ணெயையோ கிரீஸையோ டிராக்கில் தடவிவிடுவது நம் வீடுகளில் பழக்கம். இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு ஓடும், அப்புறம் அந்தப் பிசுக்கில் புழுதி அப்பி ஷட்டரின் அடியில் இருக்கும் சக்கரமான ரோலரைச் சுற்றிக்கொள்ளும், எறும்பும் வரும். இறுகும் ஜன்னலுக்கு முதல் மருந்து சுத்தம்தான். அதற்குப் பிறகும் இழுத்தால் சிலிகான் ஸ்ப்ரே (இது வழுக்குவதற்கு, அடைக்கும் பசை இல்லை) கொஞ்சம் போதும். ஷட்டர் ஒருபக்கமாகச் சாய்ந்து உரசினால் அடியில் ரோலரின் உயரத்தை மாற்ற ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருப்பிச் சரிசெய்யலாம். உரசுகிற ஷட்டரை பலமாக இழுத்துப் பழகினால் ரோலர் தேய்ந்து, டிராக்கும் கெட்டுவிடும்.

பெயின்ட் சொட்டைத் துடைக்க தின்னர் எடுக்காதீர்கள். பிளம்பர் பிவிசி பைப்பை ஒட்டும் பசை எப்படி வேலை செய்கிறது? பைப்பின் மேற்பரப்பைக் கரைத்துத்தான். ஜன்னலும் அதே குடும்பத்துப் பிளாஸ்டிக், தின்னரில் இருக்கும் கரைப்பான்கள் அதன் பளபளப்பைத் தின்று, அந்த இடத்தில் அழுக்கு நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். பாத்ரூம் ஆசிட்டும் கம்பி நாரும் வேண்டவே வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் லிக்விட்டை தண்ணீரில் கலந்து மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். ஃபிரேமில் ஒட்டி வரும் பாதுகாப்பு ஷீட்டையும் வேலை முடிந்த கையோடு உரித்துவிடுங்கள். புதுசாகவே இருக்கட்டும் என்று விட்டுவைத்தால் வெயிலில் பசை காய்ந்து, பிறகு உரிக்க வராது.

ஃபிரேமில் துளை போடுவதும் வேண்டாம், கர்ட்டன் கம்பியோ துணிக்கொடியோ எதுவானாலும் சுவரில் அடியுங்கள். உள்ளே பலத்துக்காக இரும்புப் பட்டை வைத்திருப்பார்கள், ஸ்க்ரூ துளை வழியாக ஈரம் போனால் அது துருப்பிடிக்கும். கார்த்திகைக்கு அகல் ஏற்றும்போதும் ஜன்னல் திண்டில் ஃபிரேமை ஒட்டி வைக்காதீர்கள், இந்தப் பிளாஸ்டிக் 80 டிகிரி வாக்கில் இளக ஆரம்பித்துவிடும், சுடருக்கு அது ஒன்றுமே இல்லை.

ஷட்டரைக் கழற்றித் துடைக்கும் ஆசை இருந்தால் ஒன்றை யோசியுங்கள். 5 மில்லிமீட்டர் தடிமன் கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ வரும். ஈரக் கையோடு, ஸ்டூலில் நின்று, நான்காவது மாடியில் அதைத் தனியாளாகத் தூக்கினால் கீழே நடந்து போகிறவர் தலைக்கே ஆபத்து. இரண்டு பேர் வேண்டும், வீட்டுக்குள் நின்றுதான் எடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். கொசுவலை ஷட்டர் லேசானதுதான், ஆனால் அதை வலையில் விரல் கொடுத்து இழுக்காமல் ஓரச் சட்டத்தைப் பிடித்து நகர்த்தக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

வெளிப்பக்கம் திறக்கும் கதவு மாதிரி ஜன்னல் வைத்திருப்பவர்கள் ஹேண்டிலை முழுசாகத் திருப்பிப் பூட்டுங்கள். பாதி திருப்பினால் பூட்டு எல்லா இடத்திலும் பிடிக்காது, ரப்பரும் அழுந்தாது, மழை உள்ளே வரும். காற்று கிளம்பினால் திறந்து போட்டுவிட்டு வெளியே போகக் கூடாது, ஒரு அடியில் கீல் வளைந்துவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரத்தில் இருந்தால் ஃபிரேம் துருப்பிடிக்காதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம், கீலும் ஸ்க்ரூவும் லாக்கும் உலோகம்தான். உப்புப் படிவதை நல்ல தண்ணீர்த் துணியால் அடிக்கடி துடைத்து, காயவிட்டு, துளி மெஷின் ஆயில் விடுங்கள்.

ரோலரோ ஹேண்டிலோ மாற்ற வேண்டி வந்தால் பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், போட்டோவைக் காட்டி வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது.