கடல் படிக்கப் போகும் முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் எங்கள் வீட்டு நடையில் இரண்டு மூன்று ஜோடிச் செருப்பு கூடுதலாகக் கிடக்கும். "அக்கா, மரைன் சயின்ஸ் படிக்கணும். எங்க சேரலாம்?" கேட்பது பெரும்பாலும் அப்பா வள்ளத்தில் போகிற வீட்டுப் பிள்ளை. நான் குமரி மாவட்டத்துக் குளச்சல் பக்கத்துக்காரி. நாகர்கோவிலில் விலங்கியல் படித்தேன். அப்புறம் கடல் உயிரியலில் முதுநிலை. இப்போது மீன் இறங்குதளங்களில் கணக்கெடுக்கிற வேலை. வருஷா வருஷம் வாயால் சொல்வதை இந்தத் தடவை எழுதி வைக்கிறேன்.

கல்லூரிப் பெயரைச் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: கடலில் எது உனக்குப் புரியாமல் உறுத்துகிறது? டால்பின் பிடிக்கும் என்பது பதில் இல்லை. போன வருஷம் ஒருத்தி சொன்னாள், "ஆனி ஆடியில வெயில் அடிச்சாலும் தண்ணில கால் வச்சா சில்லுனு இருக்கே, அது ஏன்?" தென்மேற்குப் பருவக்காற்று மேல் தண்ணீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளும்போது, அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் ஏறி வருகிறது. அதோடு சத்தும் வருவதால் மிதவை உயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன சாளை மீன் வருகிறது. இவ்வளவும் அவள் தாத்தாவுக்கு வேறு வார்த்தைகளில் தெரியும். இப்படி ஒரு கேள்வி கையில் இருந்தால் படிப்பைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

மீன் வளர்ப்பு, பிடிப்பு, பதப்படுத்தல், மீன்வள மேலாண்மை என்று மனம் போனால் பி.எஃப்.எஸ்சி., அதாவது மீன்வள அறிவியல் இளநிலை. நாலு வருஷப் படிப்பு. தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. நமக்குப் பக்கம் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, 1977 முதல் இருக்கிறது. பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் வேண்டும். நீட் கிடையாது, மதிப்பெண்தான். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இதற்கும் உண்டு. மீனவர் பிள்ளைகளுக்கென்றும் தனி இடம் வைத்திருக்கிறார்கள். அதற்கான சான்றிதழைக் கடைசி நாளில் ஓடித் தேடாமல் ஏப்ரலிலேயே வாங்கி வையுங்கள்.

உயிரினம்தான் ஆசை என்றால் பி.எஸ்சி. விலங்கியல் போதும். மூன்று வருஷம், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். கடலைப் பற்றிய ஆழமான படிப்பெல்லாம் நம் பக்கம் முதுநிலையில்தான் ஆரம்பிக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வெள்ளாற்று முகத்தில் இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே இராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதாலேயோ என்னவோ, நம் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அது தெரியாது.

அலை, காற்று, நீரோட்டம் என்று கேட்பவர்கள் குறைவு. அவர்களை நான் விடுவதில்லை. பி.எஸ்சி. இயற்பியலோ கணிதமோ எடுங்கள், பிறகு கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (குசாட்) கடலியல் முதுநிலைக்கு முயலுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்த ராத்திரி எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை. புயலைக் கணிப்பதும், கள்ளக்கடல் வருவதை முன்கூட்டிச் சொல்வதும் கணக்கு தெரிந்தவர்கள் வேலை. இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறி அடிக்கிற அந்த அலை, எங்கோ தென்கோடிக் கடலில் வீசிய புயலில் கிளம்பி நாள்கணக்கில் பயணம் செய்து வருவது. உயிரியல் மட்டும் படித்த எனக்கு அந்தச் சமன்பாடுகள் இன்றைக்கும் எட்டவில்லை. அந்த வருத்தம் உண்டு.

பளபளப்பான பெயருள்ள பட்டத்தைப் பார்த்து மயங்காதீர்கள். என் சித்தி மகள் அப்படி ஒன்றில் சேர்ந்தாள், கல்லூரி பெயர் வேண்டாம். படித்து முடித்து அரசு வேலைக்கு விண்ணப்பித்தபோது, இந்தப் பட்டம் விலங்கியலுக்கு இணையானது என்பதற்கு அரசாணை எங்கே என்று கேட்டார்கள். அலைந்து முடிப்பதற்குள் கடைசி தேதி போய்விட்டது. ஆகவே சேர்வதற்கு முன்பே, மீன்வளத்துறை ஆய்வாளர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி வெளியிட்ட பழைய அறிவிப்பை எடுத்து, எந்தெந்தப் பட்டம் கேட்டிருக்கிறார்கள் என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். உங்கள் பட்டம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் கல்லூரிக்காரர்களிடம் நேராகக் கேளுங்கள். "அதெல்லாம் ஆகும்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, சேர்ந்தாயிற்று. எந்தப் பட்டமானாலும் முதல் வருஷமே ஒரு நோட்டுப் போடுங்கள். வாரம் ஒருநாள், ஒரே கரை, ஒரே மீன். நான் அயிலையில் ஆரம்பித்தேன். ஐம்பது மீன், ஒரு ஸ்கேல். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை ஒரு அளவு, வால் பிளவு வரை இன்னொன்று. கூடையில் வந்தபடியே எடுக்க வேண்டும். இதுதான் கஷ்டம். கை தானாகப் பெரிய மீனுக்குத்தான் போகும், என் முதல் மூன்று மாதக் கணக்கு அப்படித்தான் வீணாய்ப் போயிற்று. ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். மீன் எடுக்கிற அக்காமாரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள். அவர்கள் சத்தம் போட்டால் நியாயம் அவர்கள் பக்கம்தான். ஒரு பங்கை விலைக்கு வாங்கி வந்தால் வீட்டில் நிதானமாக வயிற்றைக் கீறி சினை பார்க்கலாம். அளந்து முடித்ததை அம்மா குழம்பு வைத்துவிடுவாள், நஷ்டமில்லை.

கத்தாளை மீன் கிடைத்தால் தலையைப் பிளந்து காதுக்கல்லைத் தேடுங்கள். மூளைக்கு அடியில் இரண்டு பக்கமும் வெள்ளையாக, மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கும். அதைத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்துக்குப் போல வளையம் தெரியும், வயது சொல்லலாம் என்று புத்தகம் சொல்லும். நம் வெப்பக் கடலில் வளையம் அவ்வளவு தெளிவாக விழாது. தெரியவில்லையென்றால் உங்கள் கண்ணைக் குறை சொல்லாதீர்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் அறிவியல் பெயர்களைப் பார்த்து மிரள்வார்கள். அயிலைக்கு ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்த்தா. கிழக்கே இதே மீனைக் கானாங்கெளுத்தி என்பார்கள். இரண்டையும் சேர்த்து உரக்கச் சொல்லிப் பாருங்கள், பயம் போய்விடும். நோட்டில் ஒவ்வொரு மீனுக்கும் மூன்று பெயர் எழுதுங்கள்: நம்மூர்ப் பெயர், கிழக்குக் கரைப் பெயர், அறிவியல் பெயர்.

பாறையில் சிப்பி, பாசி பார்க்கப் போவதென்றால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்றில், தண்ணீர் நன்றாக இறங்கியிருக்கும்போது போங்கள். கடலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள். துணையில்லாமல் போகவே வேண்டாம். படகில் ஏறினால் முதல் நாள் வாந்தி நிச்சயம். மீனவர் வீட்டுப் பிள்ளைதானே என்று நானும் இறுமாப்போடுதான் ஏறினேன்.

ஜூன் முதல் தேதியிலிருந்து ஜூலை கடைசி வரை குளச்சல் பக்கம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கல்லூரி திறக்கக் காத்திருக்கிற பிள்ளைகள் அப்போது சும்மாதான் இருப்பீர்கள். ஆனால் கிழக்குக் கரைத் தடை ஜூன் 14-ஓடு முடிகிறது, அந்தக் கணக்கில் வருவது கன்னியாகுமரிப் பக்கத்தில் இருக்கிற நம் சின்னமுட்டம் துறைமுகம். ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். நோட்டை எடுத்துக்கொண்டு ஜூன் 15 அங்கே போங்கள். விடியற்காலையில் போகிற விசைப்படகு திரும்ப ராத்திரி ஆகிவிடும், கடைசி பஸ் எப்போது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.