கடலோர வீட்டுச் சமையலறை அலுமாரிக்கு எந்தப் பலகை?

திருகோணமலையில் கடலின் உப்புக் காற்றோடு, ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மாரிமழையின் ஈரமும் சேர்ந்துகொள்வதால், சமையலறை அலுமாரிக்குப் பலகை தெரிவுசெய்யும்போது அழகைவிட ஈரந்தாங்கும் தன்மையையே முதலில் கவனிக்க வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ்ப்பகுதிக்கு எம்.டி.எஃப் பலகையை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். மரநாரை அழுத்திச் செய்யப்படும் அது, வெட்டிய விளிம்பினூடாக நீரை உறிஞ்சி ஊதிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. அங்கு, நீரில் கரையாத பசையால் ஒட்டப்பட்ட 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட்டே பொருத்தமானது. அதன் விளிம்புகளையும் மூடிவிட வேண்டும். கதவுகளுக்கு என் முதல் தெரிவு தேக்கு. அதன் இயற்கையான எண்ணெய்ப்பற்று ஈரத்தையும் கறையானையும் எதிர்க்கும் என்றாலும், அந்த வலிமை நன்கு உலர்ந்த வைரப்பகுதிக்கே உண்டு, வெளிறிய புறமரத்துக்கு இல்லை. பிணைச்சல்களைக் கறள் பிடிக்காத உருக்கில் கேட்டு வாங்குங்கள்.