ஆர்டிகிள்ஷிப் சேரப் போறீங்களா?

எங்கள் ஊர் ஈரோடு. இங்கே சிஏ (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) முடித்தவரை யாரும் சிஏ என்று சொல்வதில்லை, 'ஆடிட்டர்'தான். சிஏ படிப்பவர்கள் ஆடிட்டரிடம் வேலை பழகும் பயிற்சிதான் ஆர்டிகிள்ஷிப்; அதற்கு அந்த ஆடிட்டர் ஆபீசுக்குள் எப்படி நுழைவது என்று அக்கா பையன் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பரீட்சை விவரத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பன்னிரண்டாவதுக்குப் பிறகு ஃபவுண்டேஷன், நாலு பேப்பர். அடுத்து இன்டர், இரண்டு குரூப்பாக ஆறு பேப்பர். ஒவ்வொரு பேப்பரிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வாங்க வேண்டும். பி.காம் 55 சதவீதத்தோடு முடித்தவர்கள் நேரடியாக இன்டருக்குப் பதியலாம். இன்டரில் இரண்டு குரூப்பும் தேறி, ஐசிஐடிஎஸ்எஸ் என்ற நாலு வார கம்ப்யூட்டர், பேச்சுத்திறன் வகுப்பும் முடித்தால் ஆர்டிகிள்ஷிப். எங்கள் காலத்தில் மூன்று வருஷம், 2023 புதுத் திட்டத்தில் இரண்டே வருஷம். அது முடிந்து ஆறு மாதம் கழித்து ஃபைனல்.

இரண்டு வருஷம்தான் என்பதால் ஆபீசைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். போர்டு பெரிதாக இருக்கிறதா, ஸ்டைபண்ட் (மாத உதவித்தொகை) எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். இன்டர்வியூ முடிந்ததும் கீழே டீக்கடையில் நிற்கும் ஆர்டிகிள் பசங்களிடம் ஒன்று கேளுங்கள்: "கடைசியா எப்போ ஸ்டாக் எடுக்கப் போனீங்க?" அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், அங்கே ஜிஎஸ்டி ரிட்டர்ன் மட்டும்தான் போடுகிறார்கள். என் கட்சி, பத்துப் பதினைந்து பேர் இருக்கும் ஆபீஸ். வவுச்சரில் ஆரம்பித்து பேலன்ஸ் ஷீட் வரை ஒரே ஆள் பார்க்கலாம்.

முதல் வேலை வவுச்சிங், அதாவது கணக்கில் எழுதியதை பில்லோடு ஒத்துப் பார்ப்பது. பச்சை பேனாவால் டிக் அடிப்பதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டு நான் மூன்று மாத பில்லுக்கு மளமளவென்று அடித்துத் தள்ளினேன். சீனியர் அக்கா ஒரே ஒர்க்‌ஷாப்பின் மூன்று பில்லை மட்டும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். ஏப்ரல், மே, ஜூன். பில் நம்பர் 41, 42, 43. "அந்தக் கடைக்கு மூணு மாசமா வேற கிராக்கியே வரலையா?" தொகை, தேதி, கையெழுத்து எல்லாம் சரி. அன்றிலிருந்து பில்லைத் தனியாகப் பார்ப்பதில்லை, அதன் முன்னும் பின்னும் இருப்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

அடுத்தது மார்ச் 31 ஸ்டாக், அதாவது வருஷக் கணக்கு முடியும் நாளில் சரக்கைச் சரிபார்ப்பது. மஞ்சள் குடோனுக்குப் போனால் மூட்டையை எண்ணிவிட்டு வந்துவிடாதீர்கள். கம்பெனியின் ஸ்டாக் லிஸ்டில் இருந்து நாலு அடுக்கைத் தேடிப் போங்கள். பிறகு தரையில் கண்ணில் படும் நாலு அடுக்கு லிஸ்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுக்கின் நடுவே வெற்றிடம் இருக்கலாம், அதனால் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். மூட்டையையும் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு முறை எண்ணிக்கை சரியாகவே இருந்தது. லிஸ்டில் எல்லாம் விரலி மஞ்சள். பிரித்த மூட்டைகளில் பாதி கிழங்கு மஞ்சள். இரண்டுக்கும் விலை வேறு. கேட்டில் நிற்கும் லாரியையும் விசாரியுங்கள். பில் போட்டாயிற்றா, இல்லையா? ஏற்றிய சரக்கு சில சமயம் விற்பனை, ஸ்டாக் என்று இரண்டு கணக்கிலும் வந்துவிடும், சில சமயம் இரண்டிலும் வராது.

கம்பெனி கணக்குப்பிள்ளையை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் தொந்தரவு செய்யாதீர்கள். இருபது வருஷமாக அதே நாற்காலியில் இருப்பவர். சந்தேகங்களை எழுதி வைத்து, சாயங்காலம் மொத்தமாக "அண்ணா, ஒரு பத்து நிமிஷம்" என்று உட்காருங்கள். அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தாளைப் பார்க்காமல் முடிக்காதீர்கள். எதைப் பார்த்தீர்கள், எத்தனை பார்த்தீர்கள், யார் என்ன சொன்னார் என்பதை அன்றைக்கே ஒர்க்கிங் பேப்பரில் (ஆடிட் குறிப்புத் தாளில்) எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் பஸ்ஸிலேயே பாதி மறந்துவிடும்.

முதல் நாளுக்கு கால்குலேட்டர், கெட்டி அட்டை நோட்டு, பச்சை பேனா போதும். குடோனுக்கு வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதீர்கள். போட்டுவிட்டால், துவைத்து நல்ல வெயிலில் காயப் போடுங்கள், மஞ்சள் கறை வெளுத்துவிடும்.