பட்டாம்பூச்சித் தபால்தலை வெளிவரும் நாள்: சேலத்திலிருந்து தயாராவது எப்படி?

தபால் துறை வெளியிடும் சிறப்புத் தபால்தலைகளை மறுபடி அச்சடிப்பதில்லை. இருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். 1981இல் வந்த நான்கு பட்டாம்பூச்சித் தலைகளும், 2008இல் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பட்டாம்பூச்சிகளோடு வந்த நான்கும் இன்று சேகரிப்பாளர்களிடமும் வியாபாரிகளிடமும்தான் கிடைக்கும். அதனால் புதுத் தலை வரப்போகிறது என்று தெரிந்த அன்றே வேலையைத் தொடங்கிவிடுங்கள். வெளியீட்டு நாளன்று கவுண்டரில் போய் நின்றுகொண்டு யோசித்தால் பாதி கை நழுவிப் போகும்.

முதலில் கணக்கு

சேலம் தலைமை அஞ்சலகத்தில் ஃபிலாட்டலி (தபால்தலைச் சேகரிப்பு) டெபாசிட் கணக்கு பற்றிக் கேளுங்கள். ஆரம்பத் தொகை 200 ரூபாய். எந்தெந்த வகையில் எத்தனை வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதை ஒதுக்கி, விலையைக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். இருப்பு குறைந்தால் அனுப்புவது நின்றுவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வீட்டில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை இருந்தால் கணக்கை அவர்கள் பெயரிலேயே தொடங்குங்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் தபால் துறையின் தீன் தயாள் ஸ்பர்ஷ் உதவித்தொகைக்குப் பள்ளியின் ஃபிலாட்டலி கிளப்பில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது இந்தக் கணக்கு இருக்க வேண்டும்.

எத்தனை வாங்குவது?

ஒவ்வொரு வடிவத்திலும் ஏழு போதும். ஒன்று தனித்தலை. நான்கு சேர்ந்த பிளாக் ஒன்று. அதைத் தாளின் மூலையிலிருந்து ஓரத்தோடு கேட்டு வாங்குங்கள். ஓரத்தில் வண்ணப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் (சேகரிப்பாளர்கள் ‘டிராஃபிக் லைட்’ என்பார்கள்) அந்த மூலையையே கேளுங்கள். மீதி இரண்டில் ஒன்று முதல் நாள் உறைக்கு, இன்னொன்று மேக்சிமம் கார்டுக்கு (இரண்டும் என்னவென்று கீழே சொல்கிறேன்). வெவ்வேறு வடிவங்கள் ஒட்டியபடி அச்சான ‘செ-டெனன்ட்’ ஜோடியாக இருந்தால் பிரிக்கவே பிரிக்காதீர்கள். மினியேச்சர் ஷீட் (தலைகளை ஒரு சிறு தாளாக அச்சடித்தது) வந்தால் இரண்டு.

தகவல் தாளை மறக்க வேண்டாம். அச்சு முறை, எத்தனை அச்சடித்தார்கள், எந்த அச்சகம் என்ற விவரமெல்லாம் அதில்தான் இருக்கும். பிற்பாடு ஆல்பத்தில் குறிப்பு எழுத வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

முதல் நாள் உறை

தபால் துறையே அச்சடித்த உறையை வாங்கித் தலையை ஒட்டி, அன்றைய சிறப்பு முத்திரையைப் பெற வேண்டும். இதில் கெடுவது பெரும்பாலும் பசையாலும் மையாலும்தான்.

தலையை நாக்கில் நனைக்காதீர்கள், தண்ணீரையும் தடவாதீர்கள். ஈரம் கூடினால் பசை துளைப்பற்கள் வழியே வெளியே வழிந்து, காய்ந்ததும் தலையைச் சுற்றிப் பளபளவென்று ஒரு கறை நிற்கும். ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, பசைப்பக்கத்தை ஒரே ஒருமுறை அதன்மேல் இழுத்து ஒட்டுங்கள். மேலே வெள்ளைத்தாள் வைத்து உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்துங்கள்.

முத்திரை குத்தும் முன் உறைக்கு அடியில் நான்காய் மடித்த செய்தித்தாள் இருக்கட்டும். வெறும் மேஜையில் குத்தினால் வட்டத்தின் ஒரு பக்கம் விழாது. மெத்தென்ற துணிமேல் குத்தினால் தேதி கலங்கிவிடும். “சார், பட்டாம்பூச்சி மேல படாம, தேதி தெரியற மாதிரி ஓரத்துல போட்டுக் குடுங்க” என்று சொல்லுங்கள். கவனித்துச் செய்து தருவார்கள். வாங்கியதும் உறையைக் கவிழ்க்கவோ பையில் திணிக்கவோ கூடாது. மை காயப் பத்து நிமிடமாவது விரித்தே வையுங்கள்.

மேக்சிமம் கார்டு

பட்டாம்பூச்சித் தலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சேகரிப்பு இல்லை. படப் போஸ்ட்கார்டின் படமுள்ள பக்கத்திலேயே தலையை ஒட்டி, இரண்டின் மேலும் படும்படி முத்திரை வாங்குவதுதான் மேக்சிமம் கார்டு. படமும் தலையும் ஒரே உயிரினமாக இருக்க வேண்டும். முத்திரையின் ஊர் அந்த உயிரினத்தோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். தேதி வெளியீட்டை ஒட்டியே இருக்க வேண்டும். கார்டில் தபால்தலையின் படத்தையே பெரிதாக்கி அச்சடித்தால் தபால்தலைக் கண்காட்சிப் போட்டியில் எடுபடாது. படம் கார்டின் முக்கால் பங்காவது இருக்க வேண்டும், அளவு 10.5 × 14.8 செ.மீ.யைத் தாண்டக் கூடாது.

இனம் தெரிந்து படம் தேர்வதில்தான் உழைப்பு. சேலத்தில் கறிவேப்பிலைச் செடி உள்ள எந்தக் கொல்லையிலும் கறிவேப்பிலை அழகி முட்டையிடும், அதையே எடுத்துக்கொள்வோம். ஆண் கறுப்பு, பின்னிறக்கையில் வெள்ளைப் புள்ளிகள் ஒரு வரிசை. பெண்ணோ பல உருவங்களில் வரும். சில பெண்கள், பறவைகள் தின்னத் தயங்கும் ரோஜா அழகியைப் போலவே சிவப்புப் புள்ளிகளோடு இருக்கும். அவசரத்தில் படமெடுத்தால் இனமே மாறிப்போகும். இறக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உடலைப் பாருங்கள். உடல் சிவப்பாக இருந்தால் ரோஜா அழகி. கறுப்பாக இருந்தால் கறிவேப்பிலை அழகிப் பெண். தபால்தலையில் ஆண் இருந்தால் கார்டிலும் ஆணே இருக்கட்டும். இனம் ஒன்றானாலும் உருவம் வேறானால் பார்ப்பவர் கண்ணில் பொருந்தாது.

படத்தில் ஒரு மூலையில் இலையோ வானமோ மட்டும் இருக்கும்படி எடுங்கள். தலை அங்கேதான் உட்காரும். இறக்கையை மறைக்கக் கூடாது.

அச்சுக்கு ஸ்டூடியோ ஃபோட்டோ தாள் வேண்டாம். மேலே பிளாஸ்டிக் பூச்சு உள்ளதால் தலையின் பசை பிடிக்காது. முத்திரை மையும் காயாமல் தேய்ந்து கறுப்பாகப் பரவும். டிஜிட்டல் அச்சகத்தில் 300 ஜிஎஸ்எம் மேட் போர்டில், லேமினேஷன் இல்லாமல் போடச் சொல்லுங்கள். ஐந்து கார்டு அடித்து வையுங்கள். இரண்டு கார்டு முத்திரையிலேயே வீணாகும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

தலையிலுள்ள பட்டாம்பூச்சி சேர்வராயன் மலையில் உள்ளதென்றால் ஏற்காட்டு முத்திரைக்கு மலையேறுவது தகும். சேலத்தில் காலையிலேயே தலையை வாங்கி, ஒட்டி முடித்துவிட்டு, மதியத்துக்குள் ஏற்காடு அஞ்சலகம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும், கவுண்டர் மூடும் நேரத்தை நம்பி இருக்காதீர்கள். சிறப்பு முத்திரை வேண்டியதில்லை, அவர்களுடைய வழக்கமான தேதி முத்திரையே போதும். “தபால்ல போட வேண்டாம், குத்திக் கையிலயே குடுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கார்டு தபால் கட்டோடு போய்விடும். முத்திரையில் பாதி தலைமேலும் பாதி கார்டின் மேலும் விழ வேண்டும். மலையில் மூடுபனி இருந்தால் மை இன்னும் மெதுவாகக் காயும், அரைமணி நேரம் பொறுங்கள்.

தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக 2019இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் தபால்தலையில் வந்தால், அதை எங்கே பார்க்க முடியுமோ அந்த ஊர் முத்திரையைத் தேடுங்கள். வசதிக்காக ஊரை மாற்றினால் கார்டின் மதிப்பு போய்விடும்.

பாதுகாப்பது

கையால் தொடவே வேண்டாம். விரலின் வியர்வை பசையில் ரேகையாகப் பதிந்து, பின்னால் பழுப்பாகும். தட்டை முனையுள்ள ஸ்டாம்ப் டாங்ஸ் (இடுக்கி) வாங்குங்கள். புருவம் திருத்தும் டிவீஸர் முனையில் பற்கள் இருக்கும், தலையைக் கீறும். புதுத்தலைக்கு ஹிஞ்ச் (பின்னால் ஒட்டும் பசைத்தாள் துண்டு) ஒட்டாதீர்கள், மவுண்ட் (தலையைச் செருகி வைக்கும் ஒளிபுகும் உறை) போடுங்கள். மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் மையை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும்.

சேலத்துச் சமவெளியில் வெயிலிலிருந்து காப்பாற்றினால் போதும். ஏற்காட்டில் எதிரி ஈரம். பசை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தாளோடு ஒட்டும். பூஞ்சையும் பிடித்துப் பழுப்புப் புள்ளி விழும். ஆல்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்காமல் நிமிர்த்தி, இறுக்காமல் வையுங்கள். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும். அந்த ஜெல்லின் நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் புதிது போடுங்கள். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். ராமபாணப் பூச்சி பசையைத் தேடி வரும், அதனால் ஆல்பத்தைச் சுவரை ஒட்டிய மர அலமாரியில் வைக்காதீர்கள்.

தலையின் பசை ஏற்கெனவே ஆல்பப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டதா? இழுக்காதீர்கள், தாள் இரண்டாய்ப் பிளந்துவிடும். தலையைச் சுற்றிப் பக்கத்தை வெட்டியெடுத்து, குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் மிதக்க விடுங்கள். தலை தானாக நழுவி வரும். முகம் கீழாகப் பிளாட்டிங் தாளில் உலர்த்தி, கனமான புத்தகத்துக்கு அடியில் ஓரிரவு வைத்தால் நிமிரும். பசை போயிருக்கும், பட்டாம்பூச்சி இருக்கும்.